ஆய்வுக் கப்பலில் பயிற்சி டெக்னீஷியன்: வாசகர் கேள்வி – பதில்

கடல் ஆய்வுக் கப்பல்களில் டெக்னீஷியன் பயிற்சி பற்றி டர்பன் வட்டாரத்திலிருந்தும் கேப்டவுனிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். கருவிகளைக் கையாளுவது பற்றிய கேள்விகளுக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம். புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

மெட்ரிக் எழுதப் போகிறேன். ஆய்வுக் கப்பலில் டெக்னீஷியனாக என்ன படிக்க வேண்டும்? டர்பனிலேயே தொடங்க முடியுமா?
— மாணவர், சாட்ஸ்வொர்த்

கணிதத்தையும் பிசிக்கல் சயன்ஸையும் விட்டுவிடாதீர்கள். சுலபம் என்று மேத்ஸ் லிட்டரசிக்கு (அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள பாடம்) மாறினால் இந்தத் துறைக்குத் தேவையான டிப்ளமோக்களில் இடம் கிடைப்பது அரிது. பிறகு இரண்டு வழிகள். ஒன்று, எலெக்ட்ரானிக்ஸ் அல்லது மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ. இதை டர்பனிலேயே படிக்கலாம். மற்றொன்று, கடலியல். கேப் பெனின்சுலா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் டிப்ளமோவும், கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் கடலியல் பட்டமும் இருக்கின்றன. கப்பலில் கருவி பழுதானால் சரிசெய்யத் தெரிந்த ஆள்தான் தேவைப்படுகிறார் என்பதால், முதல் வழியில் வருகிறவர்களுக்கும் நல்ல மதிப்பு உண்டு.

நம் நாட்டு ஆய்வுக் கப்பல்களின் தளம் கேப்டவுன். 2012-ல் பின்லாந்தின் ரௌமா நகரில் கட்டி முடிக்கப்பட்ட எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2, 134 மீட்டர் நீளமுள்ள பனியுடைக்கும் கப்பல். அண்டார்டிகா, மேரியன் தீவு, கோஃப் தீவு மூன்றுக்கும் அதுதான் போகிறது. மீன்வளக் கணக்கெடுப்புக்கு அஃப்ரிகானா, கரையோர ஆய்வுகளுக்கு அல்கோவா. பழைய எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2012-ல் பயிற்சிக் கப்பலாக மாறியது டெக், இன்ஜின் கேடட்களுக்காக. அது வேறு வேலை, விண்ணப்பிக்கும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம். டர்பனில் இருக்கும்போதே உஷாகாவில் உள்ள கடலியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சிறு படகு வேலை, மாதிரி எடுக்கும் வேலை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். டிப்ளமோவில் வேலைப் பயிற்சிக்காலம் இருந்தால் அதைக் கப்பல் கருவிகளைப் பராமரிக்கும் இடத்தில் செய்ய முயலுங்கள். 2016 முதல் நடக்கும் சீமெஸ்டர் திட்டம் மாணவர்களைப் பத்து நாள் போல அகுல்ஹாஸ் 2-ல் கூட்டிப்போகிறது. அது பெரும்பாலும் மேற்படிப்பு மாணவர்களுக்கானது.

விண்ணப்பத்தில் ‘கடல்மேல் ஆர்வம்’ என்று ஒரு பத்தி எழுதுவதைவிட, சால்டரிங் தெரியும், மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பார்க்கத் தெரியும், சீரியல் கேபிள் செய்யத் தெரியும், பௌலைன் முடிச்சு போடத் தெரியும் என்று நான்கு வரி எழுதுங்கள். கூடவே, மாலுமிகளுக்கான மருத்துவச் சான்று வேண்டும். சாம்சா (தென்னாப்பிரிக்கக் கடல் பாதுகாப்பு ஆணையம்) அங்கீகரித்த டாக்டரிடம்தான் அதை எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு அதிகபட்சம் 2 ஆண்டு செல்லும். பயணத்தின் நடுவில் காலாவதி ஆகாமல் தேதியைக் கணக்குப் பாருங்கள்.

எலெக்ட்ரிக்கலில் என்6 முடித்திருக்கிறேன். கப்பலில் டெக்னீஷியனின் அன்றாட வேலை உண்மையில் என்ன?
— வாசகர், டோங்காட்

பெரும்பகுதி நேரம் சி.டி.டி. எனப்படும் கருவியைச் சுற்றித்தான். நீரின் மின் கடத்துதிறன் (உப்பைக் கணக்கிட), வெப்பம், அழுத்தம் மூன்றையும் அது அளக்கிறது. அதைச் சுற்றி வட்டமான சட்டத்தில் ஆழத்து நீரைப் பிடிக்கும் 24 நிஸ்கின் பாட்டில்கள். இந்த முழு அமைப்புக்கு ரொசெட் என்று பெயர். ஒவ்வொரு பாட்டிலும் 12 லிட்டர் என்றால், மேலே வரும்போது தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 290 கிலோ. இந்தப் பாரம் ஆடும் டெக்கில், கையெட்டும் தூரத்தில் தொங்கும் என்பதை முதல் நாளே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு இறக்கம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறோம். நிலையம் (கருவியை இறக்கும் இடம்) வருவதற்கு அரை மணிக்கு முன்பே ரொசெட்டிடம் போக வேண்டும். போகும் முன் ஆய்வகத்தில் டெக் யூனிட் (கருவிக்கு மின்சாரம் தந்து தரவைப் பெறும் பெட்டி) அணைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஸீ-பேர்ட் 911 ப்ளஸ் வகை சி.டி.டி.யில் அந்த யூனிட் கடல் கேபிளில் 250 வோல்ட் டி.சி. வரை அனுப்புகிறது; ஈரக்கையோடு கனெக்டரைத் தொடுவதற்கு அது விளையாட்டான அளவு அல்ல. அடுத்து, சென்சார்களில் நன்னீர் நிற்பதற்காக மாட்டியிருக்கும் குழாய்களையும் சிரிஞ்சுகளையும் கழற்றுங்கள். இதை மறந்தால் பம்ப் ஓடினாலும் சென்சார் வழியே கடல் நீர் போகாது, அந்த இறக்கமே வீண். பல கப்பல்களில் கழற்றிய சிரிஞ்சுகளைக் கணினித் திரைக்கு முன்னால் வைப்பது வழக்கம். அவை அங்கே இல்லையென்றால் கருவியை இறக்க மாட்டார்கள்.

பிறகு பாட்டில்களைத் திறந்து கயிறுகளைக் கொக்கியில் மாட்டுவது. உள்ளே இழுபட்டு நிற்கும் ரப்பர் அல்லது ஸ்பிரிங் விரலை நசுக்கும் வலுவுள்ளது. மூடியின் விளிம்பைப் பிடியுங்கள், விரலை வாய்க்குள் விடாதீர்கள். 1-ஆம் எண் பாட்டிலின் கயிறு 1-ஆம் கொக்கியில்தான் இருக்கிறதா, பக்கத்துக் கயிற்றோடு பின்னியிருக்கிறதா என்று சுற்றிவந்து பாருங்கள். மேலே காற்றுத் திருகு மூடியிருக்க வேண்டும், கீழே குழாய் அடைத்திருக்க வேண்டும்.

வின்ச் (கேபிளைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) தூக்கும்போது இரண்டு பக்கமும் கயிறு பிடிப்பார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, தரையில் வளையமாகக் கிடக்கும் கயிற்றுக்குள் கால் வைக்கக் கூடாது, தொங்கும் பாரத்துக்குக் கீழே போகக் கூடாது. இந்த மூன்றை மீறுகிறவரை டெக்கிலிருந்து அனுப்பிவிடுவார்கள், அது சரியும்கூட.

நீரில் இறங்கியதும் 10 மீட்டரில் நிறுத்துங்கள். சென்சார் உப்புநீரை உணர்ந்து, ஒரு நிமிடம் போலக் கழித்துத்தான் பம்ப் தொடங்கும். இரட்டை சென்சார்கள் காட்டும் வெப்பமும் கடத்துதிறனும் ஒன்றோடொன்று ஒத்து நிலைக்கும்வரை காத்திருங்கள். பிறகு மேற்பரப்புக்கு அருகே கொண்டுவந்து, இறக்கத்தைத் தொடங்குங்கள். முதல் 100 மீட்டருக்கு வினாடிக்கு அரை மீட்டர், அதன்பின் 1 மீட்டர் என்பது நல்ல வேகம். கருவி வினாடிக்கு 24 முறை அளக்கிறது. 3000 மீட்டருக்கு இறங்கவே 50 நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்கத் திரையை விட்டுக் கண் எடுக்காமல் இருப்பதே வேலை. கடல்தரை 100 மீட்டருக்குள் வந்ததும் ஆல்டிமீட்டர் அதைப் பிடிக்கும். வேகத்தைக் குறைத்து, தரைக்கு 10 மீட்டர் மேலே நிறுத்துவது வழக்கம். ஆல்டிமீட்டர் எதுவும் காட்டவில்லையென்றால் தரை தூரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கப்பலின் எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) காட்டும் ஆழத்தோடு ஒப்பிட்டு, சந்தேகம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

பாட்டில்களை ஏறும்போதுதான் மூட வேண்டும். ஒவ்வொரு ஆழத்திலும் நின்று, 30 வினாடிக்குக் குறையாமல் பொறுத்து, பிறகு பட்டனை அழுத்துங்கள். சட்டம் ஏறும்போது கீழ்நீரையும் இழுத்துக்கொண்டு வருகிறது; அது விலகிப் போக அந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால், லாக்கில் (பதிவேட்டில்) எழுதிய ஆழம் ஒன்று, பாட்டிலில் இருக்கும் தண்ணீர் வேறு.

பாட்டிலிலிருந்து மாதிரி எடுப்பதில் வரிசை உண்டு என்கிறார்களே, ஏன்? ஆக்ஸிஜன் மாதிரிக்கு இவ்வளவு கண்டிப்பு எதற்கு?
— பல்கலைக்கழக மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

காற்று பட்டால் எது சீக்கிரம் மாறுமோ அதை முதலில் எடுக்க வேண்டும். அதனால் ஆக்ஸிஜன் முதலில், அடுத்து கரைந்த கார்பன், பிறகு சத்துப்பொருள்கள், பச்சையம், கடைசியில் உப்பு.

எடுக்கும் முன் கசிவு பாருங்கள். மேலே காற்றுத் திருகைத் திறக்காமல் கீழே குழாயை மட்டும் திறந்தால், சில சொட்டு வந்து நின்றுவிட வேண்டும். தொடர்ந்து ஓடினால் எங்கேயோ காற்று புகுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் மூடியின் ஓ-ரிங்கில் தூசியோ, மூடி இடுக்கில் மாட்டிய கயிறோ காரணமாக இருக்கும். அந்தப் பாட்டில் எண்ணுக்கு எதிரே லாக்கில் குறித்துவையுங்கள். மாதிரியை எடுங்கள், ஆனால் சந்தேகத்துக்குரியது என்று எழுதுங்கள்.

ஆக்ஸிஜனுக்கு வின்க்லர் முறை, அதாவது வேதிப்பொருள் சேர்த்து அளப்பது. குழாயில் ஒரு சாண் சிலிக்கான் ட்யூப் மாட்டி, தண்ணீர் ஓடும்போதே அதை விரலால் தட்டிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். ட்யூபின் நுனி கண்ணாடி மாதிரிப் பாட்டிலின் அடியைத் தொட வேண்டும். மெதுவாக நிரப்பி, பாட்டில் அளவைப்போல மூன்று மடங்கு வழிய விடுங்கள். 125 மில்லி பாட்டிலுக்கு 375 மில்லி. அந்த நேரத்தில் நீரின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உடனே 1 மில்லி மாங்கனீஸ் குளோரைடு, அடுத்து 1 மில்லி காரமான சோடியம் அயோடைடு, இரண்டும் பிப்பெட் நுனி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி. கண்ணாடி மூடியைச் சாய்த்து வைத்து மூடுங்கள். கவிழ்த்துப் பார்த்தால் ஒரு குமிழிகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும், வேறு வழியில்லை. நன்றாகக் குலுக்கினால் பழுப்பு வீழ்படிவு பரவும். 20 நிமிடம் கழித்து இன்னொரு முறை குலுக்கி, கழுத்தைச் சுற்றி நீர் ஊற்றி, இருட்டில் வையுங்கள்.

பலர் கவனிக்காத இடம் மூடி. ஒவ்வொரு கண்ணாடி பாட்டிலும் அதன் மூடியும் சேர்த்தே கொள்ளளவு அளந்து எண் போடப்பட்டவை. கழுவும்போது 14-ஆம் எண் மூடியை 41-ல் போட்டுவிட்டால் கொள்ளளவு தவறும், அந்த வித்தியாசம் நேராக ஆக்ஸிஜன் கணக்கில் போய் நிற்கும். பிறகு யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது.

உப்பு மாதிரிக்கு பாட்டிலையும் மூடியையும் மூன்று முறை அதே நீரால் அலசி, தோள்வரை நிரப்பி, கழுத்தைத் துடைத்து மூடுங்கள். மரையில் உலர்ந்த உப்புத்துகள் திறக்கும்போது உள்ளே விழுந்தால் அளவு கூடிவிடும். சாலினோமீட்டர் (உப்பு அளக்கும் கருவி) அறையில் ஒரு நாள் முழுக்க வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின்தான் அளக்க வேண்டும். சத்துப்பொருள் மாதிரிக்கு நைட்ரைல் கையுறை அவசியம்; கைவியர்வையும் சிகரெட் சாம்பலும் அந்த எண்களைக் கெடுக்கும்.

என் மகளுக்குக் கோஃப் தீவுப் பயணத்தில் இடம் கிடைக்கலாம் என்கிறார்கள். பெண் பிள்ளைக்கு அங்கே பாதுகாப்பு எப்படி? புரட்டாசியில் நாங்கள் மாமிசம் தொட மாட்டோம், சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?
— ஒரு தாய், வெருலம்

அம்மா, கவலை நியாயமானது. கேபின்கள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக ஒதுக்கப்படும், பெரும்பாலும் இன்னொரு பெண்ணோடு பகிர்ந்துகொள்வார். புறப்படும் முன் நடத்தை விதிகளைப் படித்துக் கையெழுத்திடச் சொல்வார்கள். தொந்தரவு என்று வந்தால் தலைமை விஞ்ஞானியிடமும் கேப்டனிடமும் நேரடியாகச் சொல்லலாம். அந்த இருவரின் பெயரையும், கரையில் யாரை அழைப்பது என்பதையும் புறப்படும் முன்பே எழுதி வாங்கி உங்களிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை 12 மணி நேரம், ஓய்வு 12 மணி நேரம். நடுராத்திரி முதல் நண்பகல் வரை என்ற ஷிஃப்ட்டும் வரும். இரவில் பின் டெக்குக்குத் தனியாகப் போகக் கூடாது, போகும் முன் பிரிட்ஜுக்கு (கப்பலை ஓட்டும் அறைக்கு) ரேடியோவில் சொல்ல வேண்டும். இது எல்லோருக்கும் பொதுவான விதி.

டெக் வேலையின்போது மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி அனுப்புங்கள். மோதிரம் கம்பியில் மாட்டினால் விரலே போய்விடும். தலைமுடி ஹெல்மெட்டுக்குள் கட்டியிருக்க வேண்டும். கோயிலில் கட்டிய காப்புக் கயிற்றைக் கழற்ற மனமில்லையென்றால், மேலே டேப் ஒட்டிக் கையுறைக்குள் மறைத்துக்கொள்ளலாம்.

கோஃப் கப்பல் வழக்கமாக செப்டம்பரில் புறப்படுவதால் புரட்டாசி நடுக்கடலில்தான் வரும். சைவம் என்பதைப் பயணப் படிவத்திலேயே எழுதுங்கள். முட்டை கூடாது, மாமிசக் குழம்புக் கரண்டி கூடாது என்றால் அதையும் பிரித்து எழுதுங்கள். சமையல்காரர் பொருள்களை ஏற்றும் முன்பே அவருக்குத் தெரிய வேண்டும். ஊறுகாய், பருப்புப்பொடி கொடுத்துவிடலாம். ஆனால் கோஃப், மேரியன் இரண்டிலும் வெளியூர் விதையோ பூச்சியோ போய்ச்சேராமல் தடுக்க மிகக் கண்டிப்பான சோதனை உண்டு. வெல்க்ரோ பட்டை, காலுறை, பை மூலை எல்லாவற்றையும் விதைக்காகச் சோதிப்பார்கள். கடுகு, தனியா, வெந்தயம் முழுசாக எதுவும் வேண்டாம், பழமும் வேண்டாம். கேபினில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி ஏற்றக் கூடாது, புகை உணரும் கருவி உடனே அலறும். சின்ன பேட்டரி விளக்கு ஒன்றைப் பையில் வைத்துவிடுங்கள்.

இறக்கத்தின் நடுவில் திரையில் கோடுகள் திடீரென்று தாறுமாறாகத் துள்ளினால் முதலில் எங்கே பார்க்க வேண்டும்?
— எலெக்ட்ரானிக்ஸ் மாணவர், இசிபிங்கோ

எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் துள்ளினால் கேபிள் பக்கம். ஒன்று மட்டும் துள்ளினால் அந்த சென்சார் அல்லது அதன் கனெக்டர். உப்பு மட்டும் ஒரு சென்சார் ஜோடியில் விலகி, சிறிது நேரத்தில் தானாகவே சரியானால், ஜெல்லி மீன் போல ஏதோ குழாயில் புகுந்து போயிருக்கலாம். 911 ப்ளஸ் மென்பொருளில் மாடுலோ எரர் என்று ஒரு எண்ணிக்கை ஓடும். வழியில் தரவு தொலைந்தால் அது ஏறும். அது ஏறிக்கொண்டே போனால் கேபிள், ஸ்லிப் ரிங் (சுழலும் டிரம்மிலிருந்து மின் இணைப்பு எடுக்கும் வளையம்), டெர்மினேஷன் (கேபிள் முனை இணைப்பு) மூன்றில் ஒன்று.

மேலே கொண்டுவந்ததும் ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்துப் பாருங்கள். மின்சாரத்தை அணைத்து, சி.டி.டி.யை ஒரு சிறு சோதனைக் கேபிள் வழியாக டெக் யூனிட்டோடு நேராக இணையுங்கள். துள்ளல் நின்றால் கருவி நன்றாக இருக்கிறது. அடுத்து வின்ச் ஸ்லிப் ரிங். டிரம் சுழலும்போது மட்டும் பிழை வந்தால் அதுதான். கடைசியில் கேபிள். இரண்டு முனையும் கழற்றியிருக்கிறதா என்று உறுதிசெய்தபின்தான் மெகர் (கேபிள் உறையின் மின்காப்பைச் சோதிக்கும் மீட்டர்) வைக்க வேண்டும்; கழற்றாமல் 500 வோல்ட் கொடுத்தால் சி.டி.டி.யின் எலெக்ட்ரானிக்ஸ் போய்விடும். நல்ல கேபிள் நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டும். சில மெகாஓம்தான் வருகிறதென்றால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. அளந்து முடித்ததும் கம்பியை உறையோடு ஷார்ட் செய்து மின்னூட்டத்தை இறக்குங்கள். பல கிலோமீட்டர் கேபிள் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும், தொட்டால் அடிக்கும்.

பழுது பெரும்பாலும் கடைசிச் சில மீட்டரில்தான், ரொசெட்டுக்கு மேலே வளைந்து வளைந்து தேயும் இடத்தில். அங்கே வெட்டிப் புதிதாக டெர்மினேஷன் செய்வார்கள். பயிற்சியாளருக்கு அதில் சால்டரிங் கிடைக்கும். கம்பிகளின் இணைப்புகள் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக வையுங்கள், ஃப்ளக்ஸை ஆல்கஹாலால் துடையுங்கள், தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். பாரம் இழுத்துச் சோதிக்காமல் ரொசெட்டை அதில் தொங்கவிடக் கூடாது.

கனெக்டர்கள் பற்றி: சிலிக்கான் கிரீஸ் மெல்லிய படலமாகப் போதும். ரப்பர் உறையைத் தள்ளி மாட்டியபின், அடியிலிருந்து நுனி வரை விரலால் நீவி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். காற்று தங்கினால் ஆழத்தில் அந்த இடத்துக்குக் கடல்நீர் போய், கனெக்டரின் உலோக முனை கறுத்து அரித்துவிடும். லாக்கிங் வளையத்தைக் கையால் மட்டும் முறுக்குங்கள், பிளையர் வேண்டாம். கழற்றும்போது நேராக இழுங்கள். ஓ-ரிங்கை எடுக்க ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பயன்படுத்தினால் பள்ளத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே கசியும்.

எச்சரிக்கை ஒன்று. ஆழத்திலிருந்து வந்த ஒரு கருவிக்குள் நீர் புகுந்திருக்கலாம் என்று தோன்றினால் உடனே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் அடைபட்டிருந்தால் மூடி துப்பாக்கிக் குண்டு போல வெளியே பாயும். லித்தியம் பேட்டரி உள்ள கருவி என்றால் ஆபத்து இரட்டிப்பு. மூடி யாரையும் நோக்காதபடி டெக்கில் வைத்து, மூத்த டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

கடல் மயக்கத்துக்கு என்ன செய்வது?
— வாசகர், ஃபீனிக்ஸ்

வாந்தி வந்தபின் மாத்திரை போட்டால் அது வயிற்றில் தங்காது. துறைமுகத்தை விடும் முன்பே போட வேண்டும். வாலாய்ட், ஸ்டுஜெரான் இரண்டும் நம் மருந்துக் கடைகளில் பரிச்சயமானவை. எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும், வேறு மருந்தோடு சேரலாமா என்று டாக்டரிடம் கேட்டு, ஒரு முறை கரையிலேயே போட்டுப் பாருங்கள். தூக்கம் வருகிறவர்கள் வின்ச் பக்கம் நிற்கக் கூடாது. வெறும் வயிறாக இருக்காதீர்கள், உலர் பிஸ்கெட்டும் தண்ணீரும் போதும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லையென்றால் கப்பல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

டர்பனுக்கு வெளியே அகுல்ஹாஸ் நீரோட்டத்தில் கருவி இறக்குவது கடினம் என்கிறார்கள். ஏன்?
— மீன்பிடி ஆர்வலர், புளஃப்

கண்டத்திட்டின் விளிம்பை ஒட்டித் தென்மேற்கே ஓடும் அந்த நீரோட்டம் மேற்பரப்பில் சில சமயம் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும், அதாவது 4 நாட். ஆழம் போகப் போக வேகம் குறையும். கப்பல் ஒரே இடத்தில் நின்றால் மேல்நீர் கம்பியை ஒரு பக்கமாகத் தள்ளும், கம்பி சாயும். 1500 மீட்டர் கம்பி விட்டு அது 30 பாகை சாய்ந்தால் ஆழம் 1300 மீட்டர்தான். சாய்ந்த கம்பி கப்பலின் பக்கத்தில் உரசும், புல்லியிலிருந்து விலகவும் பார்க்கும்.

அதனால் கப்பலை நீரோடு மிதக்க விடுவார்கள். ஒன்றரை மணி நேர இறக்கம், நீர் வினாடிக்கு 1.5 மீட்டர் என்றால் கப்பல் 8 கிலோமீட்டர் போய்விடும். ஆகவே குறித்த இடத்துக்கு வடகிழக்கே, நீரோட்டத்தின் மேல்பக்கம் தொடங்க வேண்டும். இதில் பயிற்சியாளர் கவனிக்க வேண்டியது தரை. திட்டுச் சரிவின் மேலே மிதக்கும்போது கப்பலுக்குக் கீழே ஆழம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். தொடங்கும்போது எழுதிய ஆழத்தை நம்பினால் ரொசெட் சேற்றில் போய் உட்காரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எக்கோ சவுண்டரைப் படித்துச் சொல்லுங்கள். தென்மேற்குக் காற்று எழுந்து நீரோட்டத்தை எதிர்த்தால் அலை செங்குத்தாகிவிடும். அப்போது இறக்கம் கிடையாது; டெக்கில் அவிழ்ந்து கிடக்கும் எல்லாவற்றையும் கட்டிவைப்பதே வேலை.

டிசம்பரில் அண்டார்டிகா கப்பலில் போகிறேன். குளிரால் கருவிக்கு என்ன ஆகும்? எக்ஸ்.பி.டி. போடுவது எளிதா?
— பட்டதாரி, ரைலண்ட்ஸ், கேப்டவுன்

கடத்துதிறன் சென்சாரின் உள்ளே மெல்லிய கண்ணாடிக் குழல் இருக்கிறது. நம் பக்கத்துக் கடலில் அதில் நன்னீர் நிற்கவைப்பது நல்ல பழக்கம். அங்கே அதே பழக்கம் குழலை உடைத்துவிடும். உறைநிலைக்குக் கீழே போகும் இடத்தில் கழுவியபின் நீரை முழுக்க வடித்து, சிரிஞ்சால் ஊதி வெளியேற்றுங்கள். ரொசெட்டை ஹீட்டர் உள்ள ஹேங்கருக்குள் கொண்டுவந்தபின்தான் மற்ற வேலை. வெளியே காத்திருந்தால் நிஸ்கின் குழாய்கள் உறைந்து அடைத்துக்கொள்ளும், உப்பு மாதிரியும் கெடும்: பனி உறையும்போது உப்பை வெளியே தள்ளுவதால் மிஞ்சிய நீர் உப்பு கூடிக் காட்டும்.

எக்ஸ்.பி.டி. ஓடும் கப்பலிலிருந்தே போடும் வெப்பமானி. கேப்டவுனுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலான குட்ஹோப் தடத்தில் 2004 முதல் போட்டு வருகிறார்கள். டீப் ப்ளூ வகை 760 மீட்டர் வரை போகும், அதற்கு இரண்டு நிமிடம் போல ஆகும். ஆழத்தை அது அளப்பதில்லை, விழும் நேரத்தை வைத்துக் கணக்கிடுகிறது. அதனால் திரை தயார் என்று சொல்லும் முன் ஊசியை இழுக்கக் கூடாது. முடி போல மெல்லிய செம்புக் கம்பி கப்பலின் பக்கத்தில் பட்டால் வரைபடத்தில் கூர்முனை தோன்றும். காற்றுக்கு மறைவான பக்கம், பின்கோடியில் நின்று போடுங்கள். லாஞ்சரின் தொடுமுனைகளை ஒவ்வொரு முறையும் உலர்த்தித் துடையுங்கள், பெரும்பாலான தோல்வி அங்கேதான்.

ஆழ்கடலுக்குப் போய் வந்த தெர்மோகோல் கப் சுருங்கிவிடும் என்று டீச்சர் சொன்னார். உண்மையா?
— தமிழ்ப் பள்ளி மாணவி, 10 வயது, ஷால்கிராஸ்

உண்மைதான் கண்ணு. 3000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றைப்போல 300 மடங்கு. கப்பில் இருக்கும் குட்டிக் குட்டிக் காற்று அறைகள் நசுங்கிவிடும், திரும்ப விரியாது. மார்க்கரில் உன் பெயரை எழுதி, உள்ளே டிஷ்யூ அடைத்து, வலைப்பையில் போட்டு ரொசெட் சட்டத்தில் கட்டுவார்கள். சென்சாருக்கு நீர் வரும் வழியில் மட்டும் கட்டக் கூடாது. எழுத்தும் சேர்ந்து குட்டியாகிவிடும்.

பயிற்சி முடிந்து மறுபடி அழைக்க வேண்டுமென்றால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?
— வாசகர், டோங்காட்

லாக்கில். நேரம் எப்போதும் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்). நம் கைக்கடிகாரம் அதைவிட 2 மணி நேரம் முன்னே இருக்கிறது. இரண்டையும் கலந்து எழுதிய ஒரு பக்கத்தால், மாதிரி எந்த இடத்து நீர் என்பதே தெரியாமல் போகும், ஏனென்றால் 10 நாட்டில் ஓடும் கப்பல் அந்த 2 மணியில் 20 கடல்மைல் நகர்ந்திருக்கும். கைக்கடிகாரத்தை ஏறும் நாளே யு.டி.சி.க்கு மாற்றிவிடுவது நல்லது. ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் எல்லாக் கணினிகளின் நேரத்தையும் ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை வினாடிக் கணக்கில் எழுதுங்கள். பேனா வேண்டாம், பென்சில். மை ஈரத்தில் கரையும். தவறை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, முதலெழுத்து இடுங்கள்.

ஜி.பி.எஸ். வரி திரையில் குப்பை எழுத்தாக வந்தால் பாட் வேகம் (தரவு அனுப்பும் வேகம்) பொருந்துகிறதா என்று பாருங்கள், பழைய என்.எம்.இ.ஏ. 0183 கருவிகளுக்கு 4800. ஒன்றுமே வரவில்லையென்றால், யு.எஸ்.பி. கன்வர்ட்டரை வேறு துளையில் செருகியதால் போர்ட் எண் மாறியிருக்கக்கூடும். சரியான துளைக்குப் பக்கத்தில் டேப் ஒட்டி எண் எழுதிவையுங்கள்.

கேப்டவுன் திரும்பும் கடைசி இரண்டு நாள் பலர் கேபினில் பெட்டி கட்டுவார்கள். அந்த நேரத்தில் ரொசெட்டை நன்னீரால் முழுக்கக் கழுவி, பாட்டில் கொக்கிகளில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி உப்பைக் கரைத்து, ஒவ்வொரு கனெக்டருக்கும் டம்மி பிளக் போட்டு, எந்த சென்சாரின் எந்த வரிசை எண் எந்தப் பெட்டியில் போனது என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளின் படத்தையும் தலைமை டெக்னீஷியனுக்கு அனுப்புங்கள். அளவுத்திருத்தத்துக்குத் தயாரிப்பாளரிடம் போகும் சென்சார்களோடு அந்தப் பயணத்தில் அவை என்ன செய்தன என்ற குறிப்பும் போக வேண்டும்: எத்தனையாவது இறக்கத்திலிருந்து இரட்டை சென்சார்கள் விலகத் தொடங்கின, ஆழ்நீரில் எவ்வளவு விலகின, எந்த இறக்கத்தில் தரையில் தட்டியது.